அனுபவமும் படிநிலையும்: வீரசாகசப் பாத்திரத்தின் வளர்ச்சி பற்றிய ஒரு நோக்கு

1

புனைகதைப் பாத்திரம் எவ்வாறு வளர்கிறது என்பது திறனாய்வின் பழைய வினாக்களுள் ஒன்று. நிகழ்ச்சிகளினூடு செல்லும் ஒருவன் அவற்றால் மாற்றம் அடைகிறானா, அன்றித் தொடக்கத்தில் இருந்தவனாகவே முடிவிலும் நிற்கிறானா என்பதை அடிப்படையாகக் கொண்டு அற்புத நவிற்சிக் கதையையும் நாவலையும் வேறுபடுத்துதல் ஆய்வாளர் வழக்கம். கடந்த அரை நூற்றாண்டில் இவ்வினாவுக்கு மூன்றாவது விடை கூறும் கதைவடிவம் ஒன்று தோன்றிப் பரவியுள்ளது. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, நடுவர் ஒருவர் விவரிக்கும் கற்பனையுலகிற் செயற்பட்டு, ஐயத்துக்குரிய விளைவுகளைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் விளையாட்டே அது. அதில் பாத்திரத்தின் வளர்ச்சி எண்ணால் அளக்கப்படுகிறது. செய்த செயல்களுக்கு 'அனுபவப் புள்ளிகள்' வழங்கப்படுகின்றன. அவை குறித்த தொகையை எட்டியதும் பாத்திரம் அடுத்த 'படிநிலை'க்கு உயர்கிறது.

இஃது இலக்கிய மாணவரின் கவனத்துக்குரிய பொருள்தானா எனச் சிலர் ஐயுறலாம். கூத்தும் நாட்டார் பாடலும் ஆய்வுக்குரியன அல்ல எனப் புறந்தள்ளப்பட்ட காலமும் நம்மிடையே இருந்தது என்பதை அவர்கள் மனங்கொள்ளுதல் நன்று. மேலும், படிநிலை என்னும் இவ்வேற்பாடு மேசையிலிருந்து கணினிக்கும் கைபேசிக்கும் பெயர்ந்து, நம் இளைஞர் பலர் அன்றாடம் பழகும் கதைவடிவமாகிவிட்டது. அவர்கள் 'அனுபவம்' என்ற சொல்லை எப்பொருளில் உள்வாங்குகின்றனர் என்பது முற்போக்குத் திறனாய்வு பாராமுகமாக இருக்கக்கூடிய விடயமன்று. இவ்வடிவத்தின் முன்னோரைத் தேடிச் செல்வோருக்குத் திருகோணமலைத் துறைமுகம் எதிர்பாராத ஒரு தடயத்தையும், அதனினும் முக்கியமாக ஓர் உரைகல்லையும் தருகிறது.

2

ஈழத்தவர் எழுதிய தமிழ்ப் புனைகதைகளுட் காலத்தால் முந்தியவற்றை நோக்குமிடத்து, 1885 இல் வெளியான சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய சரித்திரம்' என்னும் நூலை அடுத்து, 1891 இல் வெளிவந்த 'ஊசோன் பாலந்தை கதை' இடம்பெறுகிறது. அதன் ஆசிரியர் திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பி. நான்கு ஆண்டுகளின் பின், 1895 இல், அதே ஊரவரான தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' சென்னையில் வெளியாயிற்று. நாயக்கர் காலத் தமிழகத்தைக் களமாகக் கொண்ட அந்நூலைத் தமிழின் முதலாவது வரலாற்று நாவல் என்பர். ஒரே பட்டினத்தவர் இருவர் இத்துணைக் குறுகிய காலத்துள் உரைநடைப் புனைகதையின் முன்னோடிகளாக விளங்கியமை கவனிக்கற்பாலது. வணிகமும் படையும் மதப்பணியும் ஒருங்கே சந்தித்த துறைமுகத்தில், சரக்குகளோடு கதைகளும் வந்திறங்குதல் இயல்பே.

'ஊசோன் பாலந்தை' என்பது ஐரோப்பிய மத்தியகாலக் கதையொன்றின் தழுவல். பிரெஞ்சு மொழியில் 1489 இல் லியோன் நகரில் அச்சேறிய அக்கதை பின்னர் ஆங்கிலம் முதலான மொழிகளிற் பெருவழக்குப் பெற்றது. வலன்ரைன், ஓர்சன் என்னும் இரட்டையர் வரலாறு அது. பொய்ப்பழி சுமத்தப்பட்டு நாடு கடத்தப்பட்ட பேரரசி காட்டிற் பிள்ளைகளைப் பெறுகிறாள். ஒருவனைக் கரடி தூக்கிச் சென்று வளர்க்கிறது. மற்றவன் அரசவையில் வளர்ந்து வீரனாகிறான். காட்டு மனிதனைப் பட்டினத்து வீரன் அடக்கி அழைத்து வருகிறான். அரக்கரோடு போரிடுகின்றனர். பறக்கும் மரக்குதிரையையுடைய குள்ள மந்திரவாதி அவர்களுக்குத் துணைவருகிறான். பேசும் வெண்கலத் தலையொன்று அவர்களது பிறப்பின் இரகசியத்தை வெளியிடுகிறது. இன்றைய வீரசாகச விளையாட்டொன்றை அறிந்தவர் இப்பட்டியலைக் கண்டதும் தமக்குப் பழக்கமான உலகம் இது என உணர்வர்.

எனினும் இவ்வுலகிற் படிநிலை இல்லை. மூலக்கதையில் வரும் பச்சை வீரனை எவராலும் வெல்ல இயலாது. அரசனுக்கு மகனாகப் பிறந்து, பெண்ணொருத்தியின் பாலை உண்ணாது வளர்ந்தவனால் மட்டுமே அது கூடும். ஓர்சன் வெல்கிறான். அவன் பயின்றதோ தோற்றுத் தெளிந்ததோ அவ்வெற்றிக்குக் காரணமன்று; கதை தொடங்கு முன்னரே அவன் வெற்றி அவன் குருதியில் எழுதப்பட்டுள்ளது. பண்டைய கிரேக்க சாகசக் கதைகளை ஆராய்ந்த மிகயில் பக்தின், அவற்றிற் கழியும் காலம் தலைவன் மீது எவ்விதச் சுவடும் பதிப்பதில்லை எனக் காட்டினார். அக்கூற்று மத்தியகால வீரசாகசக் கதைக்கும் பெருமளவு பொருந்தும். நிகழ்ச்சிகள் பாத்திரத்தை உருவாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ளதை வெளிப்படுத்துகின்றன. பிறப்பே தகுதி என்னும் நிலப்பிரபுத்துவ சமூகத்தின் கதைவடிவம் இவ்வாறு அமைதலில் வியப்பில்லை.

3

இக்கதை மரபின் பொருள்களை எடுத்துக்கொண்டு அதன் உயிர்நாடியை மாற்றியமைத்தது 1974 இல் வெளியான 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரது ஆக்கமாக, முதலில் 1,000 பிரதிகளே அச்சாயின. அதன் தாய்வழி போர் விளையாட்டு. 1824 இல் பிரஷ்யப் படையதிகாரிகளின் பயிற்சிக்கென ரைஸ்விற்ஸ் வகுத்த விளையாட்டு அம்மரபின் முக்கிய கட்டம். கைகாக்ஸ், ஜெப் பெரன் என்பவருடன் சேர்ந்து 1971 இல் வெளியிட்ட 'செயின்மெயில்' என்னும் போர் விளையாட்டு நூலில், வீரன் ஒருவன் நான்கு சாதாரணப் படையாட்களுக்குச் சமம். பெருவீரன் எட்டுப் பேருக்குச் சமம். ஆக, வீரம் என்பது அங்கே ஆட்தொகையின் பெருக்கமாகவே கணிக்கப்பட்டது. 1974 இல் நிகழ்ந்த புதுமை யாதெனில், ஒன்றுக்கும் நான்குக்கும், நான்குக்கும் எட்டுக்கும் இடையிலிருந்த வெளியிற் படிகள் அமைக்கப்பட்டு, சாதாரணன் ஒருவன் அவற்றில் ஏறிச் செல்ல வழி செய்யப்பட்டமையே. நான்காம் படியினன் வீரன் என்றும் எட்டாம் படியினன் பெருவீரன் என்றும் பெயர் பெற்றமை இவ்வுறவைத் தெளிவாக்கும்.

இவ்வேணியின் கணக்கு ஊன்றி நோக்கத்தக்கது. போர்வீரப் பாத்திரம் இரண்டாம் படியை அடைய 2,000 புள்ளிகள் வேண்டும். மூன்றாம் படிக்கு 4,000. நான்காம் படிக்கு 8,000. ஒன்பதாம் படிக்கு 240,000. புள்ளிகள் எங்ஙனம் கிடைக்கின்றன? பகையை வெல்வதாற் சிறிதளவு; நிலவறையிலிருந்து மீட்டு வரும் செல்வத்தாற் பெருமளவு. ஒரு பொற்காசு ஓர் அனுபவப் புள்ளி. அனுபவமும் பொன்னும் ஒன்றுக்கொன்று நிகராக மாற்றப்படும் இவ்விதியினும் வெளிப்படையாக ஒரு சமூகத்தின் உள்மனத்தைக் கூறும் விதி இலக்கியத்தில் அரிது. வாழ்ந்து பெற்ற அறிவு, பயம், நட்பு, இழப்பு ஆகிய யாவும் ஒரே பொது அலகுக்குள் அடங்கிவிடுகின்றன. பண்டங்களின் தனித்தன்மைகள் பரிவர்த்தனைப் பெறுமதியில் மறைந்துபோவதை மார்க்ஸ் விளக்கியதை நினைவுகூர்வோர்க்கு இவ்விதி புதிதன்று.

ஏணியின் உச்சியில் இருப்பது என்ன என்பது அடுத்த வினா. ஒன்பதாம் படியில் போர்வீரன் 'பிரபு' ஆகிறான். கோட்டை கட்டுகிறான். அவனது ஆட்சிப்பரப்பிற் கிராமங்கள் அமைகின்றன; அங்கு வாழும் ஒவ்வொருவரிடமிருந்தும் ஆண்டுக்கு 10 பொற்காசு வரியாகப் பெறுகிறான். திரட்டலில் தொடங்கிய பயணம் நிலவாடகையில் முடிவடைகிறது. உடையும் ஆயுதமும் மத்தியகாலத்தவை. உள்ளே இயங்கும் தர்க்கம், முதலைத் திரட்டிப் பெருக்கி மேலெழும் முதலாளித்துவத் தனிமனிதனுடையது.

எனினும் பழையது முற்றாக அழிந்துவிடவில்லை. 1974 ஆம் ஆண்டு விதிகளின்படி மனிதப் பாத்திரத்துக்கு உச்சவரம்பு இல்லை. குள்ளர் இனத்தவன் போர்வீரனாக ஆறாம் படியைத் தாண்ட இயலாது. அதனினும் சிறிய இனத்தவன் நான்காம் படியோடு நின்றுவிட வேண்டும். எவரும் உழைத்து உயரலாம் என்ற வாக்குறுதியின் அடியிற் பிறப்பின் தடை மீண்டும் தலைகாட்டுகிறது. 'திறமைக்கு வழி திறந்திருக்கிறது' எனப் பறைசாற்றிய சமூகங்களில் நிறமும் சாதியும் ஆற்றிய பணியை அறிந்த நமக்கு இம்முரண்பாடு விளங்காததன்று. இவ்வரம்புகள் 2000 ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டன. 'இனம்' என்ற சொல்லே 2024 ஆம் ஆண்டுப் பதிப்பிற் கைவிடப்பட்டது. ஏணி மட்டும் நிலைத்திருக்கிறது.

4

அதே 1974 இல், அதே நாட்டில், ஹரி பிறேவர்மன் 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' என்னும் நூலை வெளியிட்டார். இளமையிற் செம்புத் தொழிலாளியாகப் பயின்றவர் அவர். நவீன முதலாளித்துவம் உழைப்பாளியின் தேர்ச்சியைத் துண்டாடிப் பறிக்கிறது என்பதும், திட்டமிடலை ஒருவரிடமும் நிறைவேற்றலை வேறொருவரிடமும் பிரித்து வைப்பதே அதற்கான வழி என்பதும் அவர் நிறுவிய கருத்துக்கள். தொழிற்சாலையில் அனுபவம் மதிப்பிழந்த காலத்தில், ஒவ்வொரு செயலும் தவறாது வரவு வைக்கப்பட்டு மேன்மையை ஈட்டித்தரும் கற்பனையுலகம் ஒன்று தோன்றியது. ஒன்று மற்றொன்றை அறிந்து எழுந்ததன்று. ஆயினும் இரண்டும் ஒரே வரலாற்றுக் காயத்தின் இரு அடையாளங்கள் என்று கொள்ளுதல் பொருந்தும். இவ்விளையாட்டின் கவர்ச்சியை வெறும் பேராசையாகக் காண்போர் தவறிழைக்கின்றனர். எவ்வுழைப்பும் வீண்போகாத, கழிந்த நாள் ஒவ்வொன்றும் கணக்கில் நிற்கும் உலகத்துக்கான ஏக்கம் அதனுள் உண்டு.

அவ்வேக்கம் நியாயமானது என்பதற்குத் திருகோணமலைத் துறைமுகமே சான்று. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 ஒக்ரோபரில் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தேசிய இறைமையின் நோக்கில் அது வரவேற்கப்பட வேண்டிய நிகழ்ச்சியே. ஆனால் அத்தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். கப்பல் பழுதுபார்த்தலிலும் இயந்திரங்களைப் பேணுவதிலும் சரக்கு ஏற்றி இறக்குவதிலும் பல்லாண்டாகப் பெற்ற கைத்தேர்ச்சி, அதை வாங்குவோர் இல்லாதபோது எவ்வாறாயிற்று? அதனை எப்பதிவேடும் அவர்களுக்குச் சொந்தமான செல்வமாக எழுதி வைக்கவில்லை. மறுபுறத்தில், பிரித்தானியர் அமைத்துவிட்டுச் சென்ற எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் எண்ணப்படுகின்றன. 2022 ஜனவரி உடன்படிக்கைகளில் 99 தாங்கிகளும் கணக்காகப் பங்கிடப்பட்டன: 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரு தரப்பும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. இரும்பு கைமாறுகிறது, கைமாறும் போது அதன் பெறுமதியும் உடன் செல்கிறது. அந்த இரும்பைப் பொருத்திய கைகளின் அனுபவம் அத்தகைய இடமாற்றத்தை அறியாது.

இவ்விளையாட்டில் ஆட்டக்காரர் மரணத்தினும் மிகுதியாக அஞ்சுவது ஒன்றுண்டு. நிலவறையில் உலவும் இறந்தும் இறவாத பேய்கள் தீண்டினால் உடலிற் காயம் மட்டும் ஏற்படுவதில்லை. ஈட்டிய படிநிலையே பறிபோகிறது. இரத்தம் உறிஞ்சும் பேயின் ஓர் அடி இரண்டு படிகளைக் கவர்ந்துவிடும். உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இறந்த உழைப்பாகிய மூலதனத்துக்கு மார்க்ஸ் கையாண்ட உவமையும் இதே பேயே என்பதை வாசகர் அறிவர். விதிகளை ஆக்கியோர் அதனை நினைத்திருக்கத் தேவையில்லை. கழிந்த காலத்தின் உழைப்பு ஒரே தீண்டலில் இல்லாமற் போய்விடலாம் என்ற அச்சம், சம்பளத்துக்கு வாழும் சமூகத்தின் பொது அச்சம். அது தனக்குரிய உருவத்தைத் தானே தேடிக்கொண்டது.

பிறேவர்மன் சுட்டிய பிரிவினையும் இவ்வுலகில் இல்லாமலில்லை. 1981 இல் வெளியான அடிப்படை விதிநூலின்படி, தலைமைப் பாத்திரங்களோடு கூலிக்குச் செல்லும் துணையாட்களுக்கு அனுபவப் புள்ளியிற் பாதிப் பங்கே உண்டு. அதே இருளில் நடந்து, அதே வாளுக்கு முகங்கொடுத்தும் பாதிதான். ஏனெனில் அவர்கள் பிறர் ஏவலின்படி செயற்படுபவர்கள். தீர்மானித்தவனுக்கு அனுபவம், நிறைவேற்றியவனுக்குக் கூலி. நம் கரையோரத்துக் கரைவலைத் தொழிலில் வலையுடைய சம்மாட்டிக்கும் வலை இழுத்தோர்க்கும் இடையே பிடிபட்ட மீன் பங்காகப் பிரிக்கப்படும்போது எழும் வினா இங்கும் எழுகிறது: பங்கை வகுத்தவர் யார்?

5

இதுவரை கூறியவற்றிலிருந்து, படிநிலை என்பது இவ்வகை விளையாட்டுக்கு இன்றியமையாதது என்ற முடிவுக்கு வருதல் அவசரமாகும். 1977 இல் வெளியான 'ட்ரவலர்' என்னும் விண்வெளி விளையாட்டில், பாத்திரம் ஆட்டம் தொடங்கு முன்னரே கடற்படையை ஒத்த விண்படையிலோ வணிகக் கப்பலிலோ நான்காண்டுத் தவணைகளாகப் பணியாற்றி, தேர்ச்சியும் முதுமையும் பெற்றே வருகிறது. அனுபவம் எதிர்காலத்திற் குவிக்க வேண்டிய பொருளாக இன்றி, கடந்துவந்த வாழ்க்கையாக அங்கு நிற்கிறது. 1978 இல் வெளியான 'ரூன்குவெஸ்ட்' படிநிலைகளை நீக்கிவிட்டது. ஆட்டத்தில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய தேர்ச்சி வளரலாம். வளர்ந்ததா என்பதைப் பின்னர் பகடை தீர்மானிக்கும். ஏற்கெனவே மிகுதியாக அறிந்தவனுக்கு மேலும் கற்றல் கடினம். நீந்தியவன் நீச்சலிலேயே தேறுகிறான். புதையல் கண்டதால் எவனும் நீந்தக் கற்பதில்லை. செயலிலிருந்து அறிவு என்னும் பொருள்முதல்வாத உண்மைக்கு இவ்விதி அணித்தாக நிற்கிறது.

விதிகளுக்கும் அப்பால் மற்றொன்று உண்டு. தாளிற் பதியப்படும் எண் தனியுடைமை. மேசையிற் பேசப்படும் கதை பொதுவுடைமை. நடுவர் ஒன்றைக் கூற, ஒருவர் மறுக்க, இன்னொருவர் திசை மாற்ற, எவரும் முன்கூட்டி எழுதி வைக்காத கதையொன்று கூட்டாக உருவாகிறது. வாய்மொழிப் பாடலாக்கத்தின் இயல்புகளைக் கொண்டு சங்கப் பாடல்களை 1968 இல் ஆங்கில நூலொன்றில் ஆராய்ந்த க. கைலாசபதியின் பணியைத் தொடர்வோர், இக்கூட்டாக்கத்தையும் ஆராய்தல் பயனுடையது. 1936 இல் எழுதிய 'கதைசொல்லி' என்னும் கட்டுரையில் வால்ரர் பென்யமின், வாயிலிருந்து வாய்க்குச் செல்லும் அனுபவமே கதையின் ஊற்று என்றும், நிலத்தை உழுபவனும் கடலோடியும் அதன் இரு மூலவடிவினர் என்றும் குறிப்பிட்டார். கடலோடியின் அனுபவம் பிறருக்குச் சொல்லப்படும்போது குறைவதில்லை, பொருள் பெறுகிறது. அனுபவப் புள்ளியைச் சொல்ல முடியாது, காட்ட மட்டுமே முடியும்.

சந்தைக்கு விற்கத் தக்கது இவ்விரண்டில் எது என்பது வெளிப்படை. முதல் நூலை வெளியிட்ட நிறுவனத்தை 1997 இல் வேறொரு நிறுவனம் வாங்கியது. அதனை 1999 இல் ஹஸ்புரோ என்னும் விளையாட்டுப் பொருட் பெருநிறுவனம் வாங்கியது. பேச்சு மேசையிலேயே எஞ்சிவிட, கணினிக்கும் கைபேசிக்கும் எளிதாகப் பெயர்ந்து சென்றது எண்ணும் ஏணியுமே.

6

இத்துணையும் அமெரிக்க விளையாட்டொன்றின் குறைகள் எனக் கொண்டு முற்போக்கு வாசகர் மனநிறைவு அடைதற்கில்லை. நம் முற்போக்குப் புனைகதைகள் பலவற்றின் தலைவர்களும் ஒருவகையிற் படியேறுபவர்களே. அறியாமையில் தொடங்குகிறான், ஓர் அநீதியைக் காண்கிறான், ஒரு வேலைநிறுத்தம், ஒரு சிறைவாசம், ஒரு தோழரின் உபதேசம், இறுதியில் வர்க்க உணர்வு என்னும் உச்சப்படியில் நிற்கிறான். இடையில் எதையும் இழப்பதில்லை. ஏறிய படியிலிருந்து இறங்குவதில்லை. நிகழ்ச்சிகள் அவனுக்கு வரவு வைக்கப்படுகின்றன, அவனை உலுக்குவதில்லை. பொற்காசு இருந்த இடத்தில் கருத்துச் சரியான தன்மை வந்து அமர்ந்துள்ளது. கணக்கு முறை மாறவில்லை. இத்தகைய நூல்களை உள்ளடக்கத்தின் பொருட்டுப் போற்றி, வடிவத்தை ஆராயாது விட்டமை நம் திறனாய்வு மரபின் குறைபாடு.

மாக்ஸிம் கோர்க்கியின் 'தாய்' 1906 இல் வெளியானது. அந்நாவலின் நிலோவ்னா படியேறவில்லை. அவளது அச்சம் போவதும் மீள்வதுமாக இருக்கிறது. மகன் மீதுள்ள பாசமும் பழைய இறைநம்பிக்கையும் அழிந்துபோகாமல் வேறொன்றாக மாறுகின்றன. அவள் பெற்ற அனுபவத்தை அவளிடமிருந்து பிரித்து அளக்க இயலாது. பிறரோடு கொண்ட உறவுகளிலேயே அது வாழ்கிறது. 1972 இல் முதலில் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்', தனியொருவனின் ஏற்றத்தைக் கூறுவதினும் ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டமொன்றின் எழுச்சியைக் கூறுவதிலேயே நாட்டங் கொண்டது. அங்கே உயர்வது ஒருவரது படிநிலையன்று. படிகளையே கேள்விக்குள்ளாக்கும் மக்களின் துணிவு. சாதியென்னும் ஏணியின் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டோர்க்கு ஒவ்வொருவராக மேலேறுவது விடுதலையாகாது என்பதை அந்நாவலின் அமைப்பே உணர்த்துகிறது.

எனவே பாத்திர வளர்ச்சியை மதிப்பிடும்போது, அவன் எத்துணை உயர்ந்தான் என்று வினவுவதோடு அமையாது, மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அவன் பெற்ற அனுபவம் அவனுக்கும் பிறருக்கும் உள்ள உறவை மாற்றியதா? அவ்வனுபவத்துக்காக உழைத்த ஏனையோர் கதையில் எப்பங்கைப் பெற்றனர்? அது பிறருக்குச் சொல்லத்தக்கதாக, பிறர் கையிற் பயன்படத்தக்கதாக ஆயிற்றா? ஊசோன் கதைக்கும் மேசை விளையாட்டுக்கும் நம் முற்போக்கு நாவலுக்கும் இவை ஒருங்கே பொருந்தும். உழைப்பு எதுவும் கணக்கின்றி மறையலாகாது என்ற கோரிக்கையை இவ்விளையாட்டு தன் போக்கில் எழுப்பியுள்ளது. அக்கோரிக்கையை நாம் ஏற்போம். தளம் மூடப்பட்டபோது துறைமுகத்திலிருந்து வீடு திரும்பிய தொழிலாளிக்கு அதற்கான விடையை அனுபவப் புள்ளிகளால் அளிக்க முடியாது. அவனது தேர்ச்சி அவனுக்கும் அவன் சமூகத்துக்கும் உரியதாகும் உற்பத்தி உறவுகளே அவ்விடையாக அமையும். அத்தகைய அனுபவத்தைச் சொல்லும் கதைவடிவத்தைத் தேடுவது நம் எழுத்தாளரின் கடமை. அதனை இனங்காணும் அளவுகோலைச் செப்பஞ்செய்வது திறனாய்வாளரின் கடமை.